வாரத்தின் மற்ற ஆறு நாளும்: வடசென்னையில் ஒரு கிறிஸ்தவ ஆண் தன் விசுவாசத்தை எப்படி வாழ்வது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 29, கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை, மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. "ஞாயிறு ஆராதனைக்குப் போகிறேன், வருகிறேன். அதற்கப்புறம் நான் கிறிஸ்தவன் என்பதற்கு என் பெயரைத் தவிர அடையாளம் இல்லை. ஜெபமெல்லாம் அம்மாவும் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். ஓர் ஆணாக நான் என்ன செய்வது? கமிட்டியில் சேரட்டுமா?" என்பது கேள்வியின் சுருக்கம். கூடவே ஞாயிறு ஷிஃப்ட், யார்டில் நடக்கும் ஆயுத பூஜை, நண்பர்களின் குடி, இந்த மூன்றைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

தம்பி, சபையை நிர்வகிக்கும் கமிட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கேள்வியின் நடுவில் இருக்கும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ஜெபத்தை அம்மாவும் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். இது உங்கள் ஒரு வீட்டுக் கதை இல்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தச் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனாலும் உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, டீக்கடையில் நின்று போன் பார்த்துவிட்டு, முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் அந்த வீட்டில் சம்பளம் யார் கையில் இருக்கிறது? யாரிடம் கடன் வாங்குவது, தங்கைக்கு எங்கே மாப்பிள்ளை பார்ப்பது, பையனை அடிப்பதா விடுவதா, இன்றைக்குக் குடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? பெரும்பாலான வீடுகளில் ஆண்தான். ஜெபிக்கிறவர் ஒருவர், முடிவெடுக்கிறவர் இன்னொருவர் என்று ஆகிவிட்டது. அம்மா காலையில் முழங்காலில் நின்று கேட்டதை மகன் சாயங்காலம் ஒரே கையெழுத்தில் கெடுத்துவிட முடியும்.

நான் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சபை ஆண்களின் சங்கமான ஆண்கள் ஐக்கியத்தில் நெடுநாள் இருப்பவன். இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: ஜெபமும் முடிவும் ஒரே ஆளிடம் வந்து சேரும்போதுதான் ஓர் ஆணின் விசுவாசம் நடமாட ஆரம்பிக்கிறது. உங்கள் கையில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் நீங்களே ஜெபத்துக்குக் கொண்டுவர வேண்டும். அம்மாவை அனுப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே ஜெபத்தை உங்கள் பங்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள், சின்னதாக. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தால் நைட் ஷிஃப்ட் வாரம் வந்தவுடன் நின்றுபோகும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்குக் கடிகாரத்தை வைத்து ஜெபம் நிற்காது. தூங்கி எழுந்ததும், அது காலையோ மதியமோ, பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் ஒரு சங்கீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 150. நாளுக்கு ஒன்று வாசித்தால் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். வாய்விட்டு வாசியுங்கள். கோபம், பயம், கடன்காரனைப் போல் துரத்தும் எதிரி, தூக்கம் வராத இரவு எல்லாம் அதில் இருக்கிறது. ஆண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற எல்லாவற்றையும் தாவீது ராஜா கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார். 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது, அதுவும் ஜெபம்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும்போது நடுவில் பைக்கை நிறுத்திக் காத்திருக்கிறீர்களே, அந்த நேரம் போதும், காலையில் வாசித்ததை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க.

அதில் 15ஆம் சங்கீதத்தை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். ஐந்தே வசனம். கர்த்தருடைய கூடாரத்தில் யார் தங்குவான் என்று முதல் வசனம் கேட்கிறது. பதிலில் பலி, காணிக்கை, பாடல் எதுவும் இல்லை. உத்தமமாய் நடந்து மனதார உண்மை பேசுகிறவன், நாவினால் புறங்கூறாதவன், வாக்குக் கொடுத்து அதனால் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன், பணத்தை வட்டிக்குக் கொடாதவன், குற்றமில்லாதவனுக்கு எதிராக லஞ்சம் வாங்காதவன் என்று பட்டியல் போகிறது. வேலைக்குப் போகும் ஆணுக்கு இதைவிட நேரடியான வேத பாகம் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வாரத்தை இதன் எதிரில் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் தொடங்குவோம். கல்யாண ஆராதனையில் எபேசியர் 5ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். ஆண்களுக்கு அதில் ஞாபகம் இருப்பது மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற ஒரு வரி. அதே அதிகாரத்தைத் திறந்து எண்ணிப் பாருங்கள். 22 முதல் 24 வரை மூன்று வசனம் மனைவிக்கு. 25 முதல் 33 வரை பெரும்பாலும் புருஷனுக்கு. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததைப் போல நேசி என்று பவுல் அங்கே கேட்கிறார். அதற்கும் முன்னால், 21ஆம் வசனத்தில், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். மனைவி மேல் கை ஓங்குகிறவன் சபையில் பைபிள் வாசிக்க நிற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பல சபைகளில் இதைத் தெரிந்தும் பேசாமல் விடுகிறார்கள். அது பெரிய பாவம்.

தம்மையே ஒப்புக்கொடுப்பது என்றால் நம் தெருவில் எப்படி இருக்கும்? விடியற்காலையில் அடிபம்பில் தண்ணீர் வரும் நேரம் எழுந்து குடங்களை நிரப்புவது. கைக்குழந்தை இரவில் அழுதால் நைட் ஷிஃப்ட் இல்லாத வாரம் நீங்கள் எழுந்து தோளில் போட்டுக்கொள்வது. வெள்ளிக்கிழமை மனைவி ஜெபத்துக்குப் போனால் டீக்கடையில் நிற்பதற்குப் பதில் குழந்தையை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் அவர் குழந்தையோடு இருக்க நீங்கள் உள்ளே போய் உட்காருவது. குடும்ப ஜெபம் பத்து நிமிடம் போதும்: ஒரு கீர்த்தனை, நாலு வசனம், அன்றைய கவலைகளை அப்படியே சொல்லி ஒரு ஜெபம். நீங்கள் நடத்துங்கள். வார்த்தை தடுமாறினால் தடுமாறட்டும். அப்பா தடுமாறி ஜெபித்ததைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தானும் ஜெபிக்கலாம் என்ற தைரியம் வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் விசுவாசம் தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

தண்டல், அதாவது தினவசூல் வட்டிக்கடன், எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 10,000 என்று பேச்சு, வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டு கையில் தருவது 8,500. அப்புறம் தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாவும் கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை போடும் அக்காவும் இதில்தான் ஓடுகிறார்கள். தினம் கட்டக் கட்ட அசல் குறைகிறது, வட்டி மட்டும் முழு 10,000-க்கு முதல் நாளே எடுத்தாகிவிட்டது. ஒரு நாள் மழை பெய்து வியாபாரம் இல்லையென்றால் அடைக்க இன்னொரு தண்டல். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் நடக்கிறது. எனக்கு வேதனை என்னவென்றால் கொடுக்கிறவர்களில் நம் சபைக்காரர்களும் இருக்கிறார்கள். வாரம் முழுக்க வசூல், ஞாயிறு அதில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை. ஏழைக்குக் கடன் கொடுத்தால் அவனிடம் வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22-லும் லேவியராகமம் 25-லும் தெளிவாக இருக்கிறது. புதினாவிலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று இயேசு பரிசேயரிடம் சொன்னார். அந்தக் காணிக்கையை வாங்காமல் திருப்பிக் கொடுக்கும் தைரியம் சபைக்கு வர வேண்டும்.

உங்களால் என்ன முடியும்? முதலில், சம்பளம் வந்த அன்று மனைவியோடு உட்கார்ந்து முழுத் தொகையையும் சொல்லுங்கள். ஓவர்டைம் காசைத் தனியாக மறைக்காதீர்கள். எவ்வளவு வருகிறது என்று மனைவிக்குத் தெரியாத வீட்டில் குடும்ப ஜெபம் நடந்து என்ன பயன்? கொடுக்க வேண்டியதை முதலிலேயே எடுத்து வையுங்கள், மீதியில் கொடுக்கலாம் என்றால் மீதி இருக்காது. இரண்டாவது, உங்கள் ஆண்கள் ஐக்கியத்தில் இருபது பேர் மாதம் 500 போட்டால் 10,000 சேரும். ஒரு குடும்பத்தின் தண்டலை அடைத்து, அவர்கள் வட்டியில்லாமல் மாதா மாதம் திருப்பித் தரும்படி செய்யலாம். எழுத்துக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, யாருக்குக் கொடுத்தோம் என்பதை வெளியே பேசாத நாக்கு, இந்த மூன்றும் இருந்தால் இது நடக்கும். மதம் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.

வேலையிடத்தில் இன்னும் நேரடியானது. டிரெய்லரை வரிசையில் முன்னால் விட டிரைவர் நீட்டும் காசு இருக்கிறதே, அதைப் பற்றி லூக்கா 3-ல் யோவான் ஸ்நானகனிடம் ஆட்கள் வந்து கேட்கிறார்கள். வரி வசூலிக்கும் ஆயக்காரர்களிடம் விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். போர்ச்சேவகர்களிடம் மிரட்டிப் பறிக்காதே, உன் சம்பளம் போதும் என்று இரு என்கிறார். வேலையை விடச் சொல்லவில்லை பாருங்கள். அதே வேலையில் சுத்தமாக இருக்கச் சொன்னார். நீங்கள் வாங்காமல் இருப்பது கூட இருப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், முதல் சில மாதம் கஷ்டம்தான். பிரசங்கம் செய்யாமல், யாரையும் காட்டிக்கொடுக்கும் தோரணை இல்லாமல், உங்கள் கையை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். யார்டில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் வேலை பார்ப்பார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "டேய் ஹிந்தி" என்று கூப்பிடுகிற கூட்டத்தில் நீங்கள் சேராதீர்கள். உங்களிடத்தில் தங்கும் அந்நியனை உன்னைப்போல் நேசி என்று இஸ்ரவேலுக்குக் கட்டளையே உண்டு. அடிபட்டால் ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கேட்கக்கூட அவர்களுக்கு இங்கே ஆள் இருக்காது.

ஞாயிறு ஷிஃப்ட் பற்றி ரொம்ப வருத்தப்பட்டிருக்கிறீர்கள். ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். ஞாயிறு அரசாங்க விடுமுறையானது கான்ஸ்டன்டைன் பேரரசன் காலத்தில், 321-ல். அதற்கு முன் சுமார் முந்நூறு வருடம் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். அவர்களில் அடிமைகள் நிறைய. சுமார் 112-ல் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்கிறார். விடிந்தால் எஜமான் வேலைக்குக் கூப்பிடுவான். காசிமேட்டு மீனவர்களுக்கு இது புதிதில்லை. வாரத்தில் மீன் அதிகம் விற்கும் நாளே ஞாயிறுதான். அதனால் நீங்கள் குற்றவாளி இல்லை. விடியற்கால ஆராதனை இருந்தால் அதற்குப் போங்கள், சாயங்கால ஆராதனை நடக்கும் சபைகளும் உண்டு. கத்தோலிக்கர்களுக்கு சனி மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமையை நிறைவேற்றும். இன்னொரு வழியும் இருக்கிறது: தீபாவளி, பொங்கலுக்கு இந்து நண்பரின் ஷிஃப்ட்டை நீங்களாக முன்வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இப்படித்தான் நடந்தது. அதைச் செய்தவருக்குக் கிறிஸ்துமஸ் லீவும் ஞாயிறும் கேட்காமலே கிடைத்தது.

ஆயுத பூஜை. இதில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. பெந்தெகொஸ்தே நண்பர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள், கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.காரரும் பலவிதம். என் எண்ணத்தைச் சொல்கிறேன். முதல் நாள் மெஷின் துடைப்பது, கழுவுவது, தோரணம் கட்ட ஏணி பிடிப்பது எல்லாவற்றிலும் முழு மனதோடு நில்லுங்கள். அது உங்கள் வேலையிடம். பூஜை நடக்கும்போது மரியாதையாகத் தள்ளி நில்லுங்கள், கும்பிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். பூஜையில் படைத்த பொரி கடலையை வாங்குவதா என்ற விஷயத்தை 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை வாசித்து உங்கள் மனச்சாட்சிப்படி முடிவு செய்யுங்கள். வாங்குவதானால் சந்தோஷமாக வாங்குங்கள், வேண்டாமென்றால் கைகூப்பிச் சிரித்து வேண்டாம் என்று சொல்லுங்கள். கொடுத்தவர் முகத்துக்கு முன்னால் அவர் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசுவது மட்டும் கூடவே கூடாது. உங்கள் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் சாந்தமாகவும் வணக்கமாகவும் பதில் சொல்லச் சொல்லி பேதுரு எழுதியிருக்கிறார். கேட்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்க வேண்டும், அதற்குத்தான் மேலே சொன்ன, காசு வாங்காத கையும் மறைக்காத கணக்கும்.

அடுத்தது குடி. நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், போகாவிட்டால் உறவு போய்விடும், போனால் குடிக்க வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். இயேசு போன கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் நம் தெருவில் குடியால் எத்தனை தாலி இறங்கியது என்று நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ஞானஸ்நான விருந்திலும் திடப்படுத்தல் விருந்திலும் கீழே பிரியாணி, மொட்டை மாடியில் பாட்டில் என்று ஆகிவிட்டது. சகோதரன் இடறுவான் என்றால் திராட்சரசம் குடிக்காமலிருப்பது நல்லது என்று ரோமர் 14-ல் பவுல் சொல்கிறார். வடசென்னையில் இருக்கும் கிறிஸ்தவ ஆணுக்கு இந்த ஒரு வசனம் போதும். உங்களால் அளவோடு நிறுத்த முடியும் என்றே வைத்துக்கொள்வோம், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனால் முடியாது. நண்பர்களை விட்டுவிடாதீர்கள். கூடப் போங்கள், சோடா குடியுங்கள், முடிந்ததும் வண்டியை நீங்கள் ஓட்டி அவர்களை வீட்டில் விடுங்கள். சில வாரம் கிண்டல் செய்வார்கள். அப்புறம் பிரச்சினை என்றால் முதலில் போன் வருவது உங்களுக்குத்தான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பல வருடம் தினமும் குடித்தவர் ஒருவர் நற்செய்திக் கூட்டத்தில் மனம் மாறி, இன்றோடு விட்டேன் என்று திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் உடம்பு நடுக்கம், வியர்வை, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவது, இருக்கும் இடமே மறப்பது என்று போகலாம். இது உயிரைக் கொல்லும். இதைப் பிசாசு என்று நினைத்து ஜெப வீட்டில் கட்டிப்போட்டு வைப்பார்கள். செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கோ உடனே கூட்டிக்கொண்டு போங்கள். நடுக்கத்தைக் குறைக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து மேற்பார்வையில் வைப்பார்கள். ஜெபத்தை வார்டு வராந்தாவில் உட்கார்ந்து செய்யலாம். வெளியே வந்த பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்கு அனுப்புங்கள். 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது, சென்னையில் தமிழிலேயே நடக்கிறது, காசு கிடையாது. முதல் தடவை தனியாக அனுப்பாமல் வாசல் வரை நீங்களும் போங்கள்.

பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பகுதிப் பிள்ளைகள் ஃபுட்பாலிலும் பாக்ஸிங்கிலும் பேர் வாங்குகிறார்கள், அதே தெருவில் கஞ்சாவும் கிடைக்கிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் ஆலய வளாகத்தில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையன்களோடு பந்து விளையாடி, அப்புறம் அரை மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். குடிக்காத, கெட்ட வார்த்தை பேசாத, தங்களோடு நேரம் செலவழிக்கிற ஓர் ஆணை அவர்கள் பக்கத்தில் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அப்படி ஒருவர் இல்லை.

இப்போது கமிட்டி. என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். குருசேகரக் கமிட்டித் தேர்தல் எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஊர், சாதி, குடும்பம் என்று ஓட்டுப் பிரிகிறது. பந்தியில் ஒன்றாகத் திருவிருந்து எடுத்துவிட்டு வெளியே வந்து சாதி பார்த்து வோட்டுக் கேட்பது கிறிஸ்துவின் சரீரத்தைக் கிழிப்பதுதான், வேறு பெயர் அதற்கு இல்லை. அந்தச் சூட்டில் இளைஞர்கள் உள்ளே போய் ஒரு வருடத்தில் கசந்து வெளியே வருவதைப் பார்க்கிறேன். கமிட்டி தேவைதான், கணக்கு பார்க்கவும் கட்டடம் பழுது பார்க்கவும் நேர்மையான ஆள் வேண்டும். சில வருடம் கழித்து, சபையில் முடியாதவர்கள் வீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பிறகு, போய் உட்காருங்கள். அப்போது யாருக்காகக் கணக்குப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்ப்பீர்கள்.

அதுவரை வேலை நிறைய இருக்கிறது. ஸ்டான்லியில் ஆண்கள் வார்டுக்கு ஒரு இரவு போய்ப் பாருங்கள். நோயாளி கூட இருக்க ஓர் ஆள் வேண்டும்: மாத்திரை வாங்க, ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, பாத்ரூமுக்குப் பிடித்துக்கொள்ள. வீட்டில் ஒரே மகன், அவனும் தினக்கூலி என்றால் இரண்டாவது இரவுக்கு ஆள் கிடையாது. அந்த இரண்டாவது இரவுக்கு நீங்கள் போகலாம். நோட்டீஸ் கொடுக்க வேண்டாம், தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிக்க வேண்டாம், பக்கத்துப் படுக்கையில் முஸ்லிம் பெரியவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்கும் வெந்நீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

சாவு வீட்டில் நம் ஆட்கள் குறை வைக்க மாட்டார்கள். ஃப்ரீசர் பாக்ஸ், பெட்டி, ஆயருக்குச் செய்தி, காசிமேட்டுக் கல்லறையா கீழ்ப்பாக்கமா என்ற பேச்சு, எல்லாவற்றுக்கும் இளைஞர்கள் வந்து நிற்பார்கள். வடசென்னையின் பெரிய குணம் இது. குறை அதற்குப் பிறகுதான். நாற்பது நாள் கழித்து அந்த விதவையின் வீட்டுக்குப் போகிறவர்கள் யார்? திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படும் உபத்திரவத்தில் விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு எழுதினார். இன்றைக்கு அந்த விசாரிப்பு பெரும்பாலும் காகித வேலை. இறப்பை 21 நாளுக்குள் மாநகராட்சியில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள், தள்ளிப்போனால் அலைச்சல் கூடும். தாசில்தாரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இறந்தவர் வேலையில் இருக்கும்போது பி.எஃப். பிடித்தம் இருந்தால், பி.எஃப். பணம், குடும்ப ஓய்வூதியம், காப்பீடு என்று மூன்றுக்கும் படிவம் கொடுத்து விண்ணப்பிக்கலாம். அந்தக் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் வரை வரும். கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் பி.எஃப். எண் இருந்தால் பொருந்தும். இது இருப்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் தண்டலில் விழுகின்றன. நீங்கள் யார்டில் வேலை பார்ப்பவர், இந்தப் படிவங்கள் உங்களுக்குப் புரியும். ஒரு லீவு நாளை அந்த அக்காவோடு வரிசையில் நின்று செலவழியுங்கள். தனியாகப் போகாமல் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாலு பேர் நாலு விதமாகப் பேச இடம் கொடுக்க வேண்டாம்.

பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்துக்கோ ராயபுரம் புனித பேதுரு ஆலயத்துக்கோ போகும் கத்தோலிக்க நண்பர்கள் இருந்தால் வின்சென்ட் தே பவுல் சபையைப் பற்றிக் கேளுங்கள். 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு ஆரம்பித்தது. உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் பெரிதாக இருந்தது சரி, இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறது என்று இன்னொரு மாணவர் விவாதத்தில் கேட்டதுதான் தூண்டுதல். ஓசானாம் பதிலுக்குக் கட்டுரை எழுதவில்லை, நண்பர்களோடு விறகு எடுத்துக்கொண்டு ஏழைகளின் வீடுகளுக்குப் போனார். இன்றும் அவர்கள் வாரம் கூடி, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பேசி, இரண்டு இரண்டு பேராகப் போகிறார்கள். சி.எஸ்.ஐ. ஆண்கள் ஐக்கியத்தில் இதே முறையைக் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் போய், சபையில் யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யார் வீட்டில் சமீபத்தில் சாவு நடந்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் பெயர் சொல்வார். உங்கள் வயதில் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.